மனவடுவுக்கு எந்தச் சிகிச்சை? முடிவெடுக்கும் முன் ஓர் ஒப்பீடு

விபத்து, பாலியல் வன்முறை, வீட்டுக்குள் அடி உதை, கண்ணெதிரே நடந்த சாவு. இவற்றில் ஏதோ ஒன்றைக் கடந்து வந்தவர்கள் நம் ஊரில் முதலில் மனநல மருத்துவரைத் தேடிப் போவதில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று பொது மருத்துவரிடம்தான் போகிறார்கள். அங்கே இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, ‘ஒண்ணும் இல்லை, தைரியமா இருங்க’ என்று அனுப்பிவிடுகிறார்கள். பிறகு தலைபாரம், உடம்பு எரிச்சல், தூக்கமின்மை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை. என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. மாதக்கணக்கில் இப்படி ஓடிய பிறகு யாராவது ஒருவர் ‘கவுன்சிலிங் போய்ப் பாருங்களேன்’ என்கிறார். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எந்தக் கவுன்சிலிங்? பேச்சா, மாத்திரையா? இன்டர்நெட்டில் தேடினால் ஏழெட்டுச் சிகிச்சைகளின் பெயர்கள் வந்து விழுகின்றன. எதை நம்புவது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சைகளின் பெயர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் நாம் நினைக்கிற அளவுக்குப் பெரியதில்லை. நடந்ததை நேராகத் தொட்டுப் பேசும் சிகிச்சையா, அதைத் தொடாமல் சுற்றிப் போகும் சிகிச்சையா என்பதுதான் பெரிய வித்தியாசம். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் அது உங்களை விடவில்லை என்றால் முதல் வகையைத் தேடுங்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் அவசரப்பட்டுக் கிளற வேண்டாம்.

முதல் மாதத்தில்

பார்பரா ராத்பாமும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் பாலியல் வன்புணர்வுக்கு ஆளான பெண்களை வாரா வாரம் சந்தித்துப் பேசி, 1992-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சம்பவம் நடந்து சராசரியாகப் பன்னிரண்டு நாளில் அவர்களில் 94 சதவீதம் பேருக்கு மனவடுவின் அறிகுறிகள் இருந்தன. ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து அது 47 சதவீதமாகக் குறைந்திருந்தது. அத்தனை கொடுமைக்குப் பிறகும் பாதிப் பேரின் மனம் தானாகவே தேறி வருகிறது. மீதிப் பாதிப் பேருக்கு வெறுமனே நாட்கள் கடப்பது மட்டும் போதவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

சம்பவம் நடந்த கையோடு உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொன்னால் மனம் லேசாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 1980-களில் ஜெஃப்ரி மிட்செல் உருவாக்கிய ‘டீபிரீஃபிங்’ முறை உலகம் முழுக்கப் பரவியது இதனால்தான். தீக்காயம் பட்டவர்களிடம் ஜொனாதன் பிஸ்ஸன் குழு செய்த ஆய்வு 1997-இல் வந்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பதின்மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில், அப்படி உடனே பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு மனவடு நோய் இருந்தது. பேச வைக்கப்படாதவர்களில் 9 சதவீதம்தான். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த முறை வேண்டாம் என்றே சொல்கிறது.

அப்படியானால் முதல் மாதத்தில் என்னதான் செய்வது? பாதுகாப்பான இடம், நேரத்துக்குச் சாப்பாடு, இரவில் பக்கத்து அறையில் ஒரு ஆள், போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட வர ஒருவர். பேச வந்தால் காது கொடுங்கள். பேசவில்லை என்றால் தோண்டாதீர்கள். துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து கதை சொல்ல வைக்காதீர்கள். நம் வீடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கிற கொடுமை இது.

தூக்கம் வரவில்லை என்று அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம் போன்ற மாத்திரைகளைப் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டாம். மனவடு அறிகுறிகளுக்காக முதல் மாதத்தில் இந்த வகை மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2013-இல் சொல்லிவிட்டது.

ஒரு மாதம் தாண்டிய பிறகு

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பைக்கில் தம்பியைப் பின்னால் வைத்துக்கொண்டு போகிறார். ஹைவேயில் லாரி இடிக்கிறது. தம்பி அந்த இடத்திலேயே போய்விடுகிறான், இவர் பிழைத்துக்கொள்கிறார். ஆறு மாதம் ஆகிவிட்டது. பிரேக் சத்தம் கேட்டால் அந்த நொடிக்கே திரும்பிப் போய்விடுகிறார், கனவிலும் அதுவே வருகிறது. அந்தச் சாலை வழியாகப் போகிற பஸ்ஸில்கூட ஏறுவதில்லை. தம்பியின் போட்டோவை எடுத்துவிடச் சொல்கிறார். கதவு படாரென்று சாத்தினால் தூக்கிவாரிப் போடுகிறது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். மீண்டும் மீண்டும் அனுபவிப்பது, தவிர்ப்பது, உடம்பு எப்போதும் உஷாராகவே இருப்பது என்று மூன்றும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் பாதித்தால் அதுதான் மனவடு நோய், ஆங்கிலத்தில் பி.டி.எஸ்.டி. என்பார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலையைப் பார்த்து, 1980-இல் இந்தப் பெயர் அமெரிக்க மருத்துவ வகைப்பாட்டில் ஏறியது.

இவர் ஒரு கவுன்சிலரிடம் போகிறார். அன்பாகப் பேசுகிறார்கள். மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறார்கள். இந்த வாரம் வீட்டில் என்ன பிரச்சினை, வேலையில் என்ன பிரச்சினை என்று கேட்கிறார்கள். வெளியே வரும்போது மனம் கொஞ்சம் லேசாகத்தான் இருக்கும். ஆனால் லாரி இடித்த அந்த நிமிஷத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவே இல்லை. ஆறுதல் கவுன்சிலிங் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது.

இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. இன்றைய பிரச்சினைகளை மட்டும் பேசும் சிகிச்சையிலிருந்து பாதியில் நின்று போகிறவர்கள் குறைவு என்று ஆய்வுகளே காட்டுகின்றன. ஆனால் குணமாவதில் அது பின்தங்குகிறது. உகாண்டாவில் சூடான் அகதிகளிடம் ஃபிராங்க் நோய்னர் குழு செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழுத்தமான சான்று. 43 பேர். ஒரு பிரிவினர் தங்களுக்கு நடந்ததை வரிசையாகச் சொல்லும் சிகிச்சை பெற்றார்கள், நான்கே அமர்வுகள். இன்னொரு பிரிவினருக்கு ஆறுதல் கவுன்சிலிங். ஓராண்டு கழித்து முதல் பிரிவில் 29 சதவீதம் பேருக்குத்தான் நோய் மீதி இருந்தது. ஆறுதல் கவுன்சிலிங் பெற்றவர்களில் 79 சதவீதம் பேர் இன்னும் அதிலேயே இருந்தார்கள். முகாமில் பாதுகாப்பும் வசதியும் இல்லாமல் வாழ்ந்தவர்களிடமே இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

தவிர்ப்பதுதான் நோயை வளர்க்கிறது. அந்தச் சாலையைத் தவிர்க்கத் தவிர்க்க, அது ஆபத்தான சாலை என்ற பாடம் மனதில் கெட்டிப்படுகிறது. ‘அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே, மறந்துடு’ என்று வீட்டார் பாசத்தோடு சொல்வதும் அதே பாடத்துக்குத்தான் துணை போகிறது.

நினைவைத் தொடும் நான்கு வழிகள்

எட்னா ஃபோவா வகுத்த ‘புரொலாங்டு எக்ஸ்போஷர்’ இவற்றில் நேரடியானது. வழக்கமாக எட்டு முதல் பதினைந்து அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். பைக் ஓட்டிய நம் ஆள் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பது போலவே சொல்ல வேண்டும்: ‘வண்டி ஓட்டுறேன், தம்பி தோள்ல கை வச்சிருக்கான், லாரி லைட் தெரியுது.’ அதை ரெக்கார்ட் செய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். கூடவே ஒரு பட்டியல் போடுவார்கள். நிற்கிற பைக் பக்கத்தில் உட்காருவது, தெருவுக்குள் பின்னால் ஏறிப் போவது, ஹைவே ஓரத்து டீக்கடையில் நிற்பது, கடைசியில் அந்த இடம். கேட்கவே பயமாக இருக்கும். முதல் சில வாரங்களில் தூக்கம் இன்னும் கெட்டாலும் கெடலாம். இதை முன்கூட்டியே சொல்லாத தெரபிஸ்ட் நல்ல தெரபிஸ்ட் இல்லை.

பாட்ரீஷியா ரெசிக் உருவாக்கிய ‘காக்னிட்டிவ் பிராசஸிங் தெரபி’ பன்னிரண்டு அமர்வு. இதில் சம்பவத்தை விட, அது மனதில் விதைத்துவிட்டுப் போன தீர்ப்பைத்தான் பிடிப்பார்கள். ‘நான்தானே வண்டி ஓட்டினேன், நான்தான் அவனைக் கொன்னுட்டேன்.’ இந்த வாக்கியத்தை எழுதவைத்து, அதற்கு என்ன சாட்சி, லாரி டிரைவர் எங்கே போனார், அந்த இரண்டு வினாடியில் என்ன செய்திருக்க முடியும் என்று ஒவ்வொரு கேள்வியாகப் போவார்கள். பயத்தை விடக் குற்றவுணர்வும் அவமானமும் அழுத்துகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். வீட்டுப்பாடம் நிறைய, எழுதும் பழக்கம் வேண்டும். இந்த இரண்டையும் 916 முன்னாள் படைவீரர்களிடம் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வந்தது. எக்ஸ்போஷர் ஒரு மயிரிழை முன்னால் நின்றது, வாழ்க்கையில் உணரக்கூடிய அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டிலும் ஏறக்குறைய பாதிப் பேர் முடிக்காமலே நின்றுவிட்டார்கள். ஆகவே எது சிறந்தது என்பதோடு, எதை உங்களால் கடைசி வரை செய்ய முடியும் என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

இ.எம்.டி.ஆர். இப்போது நம் நகரங்களிலும் அதிகம் காதில் விழும் பெயர். ஃபிரான்சின் ஷப்பிரோ 1987-இல் கண்டது. நினைவின் மிக மோசமான காட்சியை மனதில் பிடித்துக்கொண்டே, தெரபிஸ்டின் விரல் இடமும் வலமும் நகர்வதைக் கண்களால் தொடர வேண்டும். சற்று நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, மனதில் இப்போது என்ன வருகிறது, வேதனை பத்தில் எவ்வளவு என்று கேட்பார்கள். கண் அசைவுதான் குணமாக்குகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. பலன் கிடைக்கிறது என்பதில் அவ்வளவு சந்தேகம் இல்லை, உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. நடந்ததை வாய்விட்டு விவரிக்க வேண்டியது குறைவு, வீட்டுப்பாடமும் கிடையாது. பாலியல் வன்முறையை விவரமாகச் சொல்ல நா எழாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

நான்காவது வழிக்கு நமக்கு நெருக்கமான ஒரு வரலாறு இருக்கிறது. ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாகி ஷௌவர், ஃபிராங்க் நோய்னர், தோமஸ் எல்பர்ட் மூவரும் போராலும் வன்முறையாலும் அடுத்தடுத்து அடிபட்டவர்களுக்காக உருவாக்கியது ‘நேரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி’. தரையில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். ஒரு முனை பிறப்பு. சுருட்டி வைத்திருக்கும் மறுமுனை, இன்னும் வாழாத காலம். நல்லது நடந்த இடங்களில் பூ வைக்க வேண்டும், கொடுமை நடந்த இடங்களில் கல். சிலர் சின்னக் கல்லை எடுத்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்து, அதை எடுத்துவிட்டுப் பெரிய கல்லாக வைப்பார்கள். பிறகு வரும் அமர்வுகளில் பிறப்பிலிருந்து வரிசையாகக் கதை சொல்ல வேண்டும். ஒவ்வொரு கல்லிலும் நின்று, அப்போது என்ன பார்த்தீர்கள், உடம்பில் எங்கே வலித்தது, இப்போது சொல்லும்போது எங்கே வலிக்கிறது என்று மெதுவாகக் கடப்பார்கள். தெரபிஸ்ட் எழுதிக்கொண்டே வந்து அடுத்த அமர்வில் படித்துக் காட்டுவார். கடைசியில் முழுக்கதையும் காகிதமாக உங்கள் கையில்.

இதன் சிறுவர் வடிவம் வட கிழக்கு இலங்கையில், போரையும் 2004 சுனாமியையும் ஒருசேரக் கண்ட 31 குழந்தைகளிடம் செய்து பார்க்கப்பட்டது. ஆறு அமர்வுகள், நடத்தியவர்கள் உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். கிளாடியா கட்டானி குழு 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, ஆறு மாதம் கழித்து இந்தச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 81 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். அதே ஆய்வில் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்ற குழந்தைகளில் 71 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். இரண்டுக்கும் இடையே புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. நான் மேலே அழுத்திச் சொன்னதற்கு இது ஒரு எதிர்ச்சான்று, மறைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு, அதுவும் பேரிடர் நடந்த புதிதில், அவர்களுக்குப் பழக்கமான வழியில் மனதை அமைதிப்படுத்துவதும் வேலை செய்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். சம்பவம் பழசாகி, தவிர்ப்பது வாழ்க்கைமுறையாகவே ஆகிவிட்ட பெரியவர்களுக்கு இதை நான் நீட்டிச் சொல்ல மாட்டேன்.

ஒரே சம்பவம், பயம் மேலோங்கி இருக்கிறது என்றால் எக்ஸ்போஷர் அல்லது இ.எம்.டி.ஆர். குற்றவுணர்வும் அவமானமும் என்றால் காக்னிட்டிவ் பிராசஸிங். கற்கள் பல என்றால் கயிறு. சிறுவயதில் வருடக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே வதைபட்டவர்களின் நிலையை, 2022-இல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 நோய்ப் பட்டியல் சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று தனியாகப் பிரித்திருக்கிறது. அவர்களுக்கு அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதிய வரிசை இன்றும் நல்ல வழிகாட்டி: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கிப்பது, பிறகு மனிதர்களோடு மறுபடி இணைவது. இந்தச் சிகிச்சை மாதக்கணக்கில் போகும், அவசரப்படுத்தக் கூடாது. இத்தனையும் சொன்ன பிறகு, உங்கள் ஊரில் இவற்றில் ஒன்றுதான் தமிழில் கிடைக்கிறது என்றால் அந்த ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் அலறலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய சிகிச்சையில் பாதி நினைவு வெளியே வராது.

மாத்திரை, கோயில், ஊர்

செர்ட்ராலின், பாரோக்செட்டின் இரண்டையும் அமெரிக்க மருந்துத் துறை பி.டி.எஸ்.டி-க்கு அனுமதித்திருக்கிறது. பலன் தெரியச் சில வாரம் ஆகும். தூக்க மாத்திரை போல இவற்றுக்கு அடிமையாவதில்லை, ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. பேச்சுச் சிகிச்சைதான் முதல் தேர்வு என்றே நைஸ் சொல்கிறது. ஆனாலும் மாத்திரை தேவைப்படும் இடங்கள் தெளிவாக உண்டு. கடுமையான மனச்சோர்வு சேர்ந்திருந்தால், வாரக்கணக்கில் தூங்காமல் பேசவே திராணி இல்லாமல் இருந்தால், ஐம்பது கிலோமீட்டருக்குள் பயிற்சி பெற்ற தெரபிஸ்டே இல்லை என்றால் மருந்தோடு ஆரம்பிப்பது சரியான முடிவு.

பயந்த கோளாறு என்று பாடம் போடுவதும், தாயத்துக் கட்டுவதும், கோயிலுக்கோ தர்காவுக்கோ சர்ச்சுக்கோ கூட்டிப் போவதும் நம்மிடம் இருக்கிறது. அடித்தல், கட்டிவைத்தல், பட்டினி போடுதல் இல்லாத எந்த வழிபாட்டையும் விடச் சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்து மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போருக்குப் பிந்தைய வடபுலத்தைப் பற்றி எழுதும்போது, காயம்பட்டது தனிமனிதர் மட்டுமில்லை, குடும்பமும் ஊரும்தான் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஊருக்குப் பட்ட காயத்துக்குத் திதி, காரியம், திருவிழா எல்லாம் மருந்துதான். ஆனால் ஒருவர் இரவு மூன்று மணிக்கு வியர்த்து எழுவதற்கு அவை மட்டும் போதாது. இரண்டையும் சேர்த்துச் செய்வதில் எந்த முரணும் இல்லை.

எங்கே போவது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காசு கிடையாது. மருந்து கிடைக்கும், சில இடங்களில் மருத்துவ உளவியலாளரும் இருப்பார். கூட்டத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு, அதில் நினைவைத் தொடும் சிகிச்சை நடக்காது. நோயைக் கண்டறியவும் மருந்துக்கும் அங்கே போங்கள். சைக்காலஜிஸ்டிடம் தனி நேரம் கிடைக்குமா என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்கிறவர்களுக்குத்தான் கிடைக்கிறது. தனியாரில் பெருநகரங்களில் ஓர் அமர்வுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று ஆகும். பன்னிரண்டு அமர்வுக்குக் கணக்குப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள், நாலாவதில் பணம் தீர்ந்து நிற்பதுதான் மோசம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. உங்கள் பாலிசியில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

14416 என்ற டெலி-மானஸ் எண், 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முழுச் சிகிச்சையை அதில் எதிர்பார்க்க வேண்டாம். நள்ளிரவில் உயிர் போவது போல் இருக்கும்போதும், பக்கத்தில் எங்கே போவது என்று தெரியாதபோதும் அழைக்கத்தான் அது இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்திருந்தால் மேலே சொன்ன எந்த ஒப்பீடும் வேண்டாம், முதலில் இந்த எண், அல்லது அருகில் உள்ள மருத்துவமனை.

அடிக்கிறவரோடு ஒரே வீட்டில் இன்னும் இருக்கிறீர்கள் என்றால் பழைய நினைவைத் திறக்கும் முன் அந்த வீட்டை விட்டுப் பாதுகாப்பாக வெளியே வரும் வழியைப் பேச வேண்டும். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிய வந்தால், போக்சோ சட்டப்படி கவுன்சிலரும் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். பெற்றோர் இதை முதல் அமர்வுக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டால், நடுவில் ‘ரகசியம்னு சொன்னீங்களே’ என்று குழந்தையின் நம்பிக்கை உடையாமல் இருக்கும்.

கவுன்சிலர் என்று போர்டு வைத்திருப்பவர் எல்லோரும் இதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கேட்கலாம், அது மரியாதைக் குறைவு இல்லை. போன் செய்யும்போதே, ‘ட்ராமாவுக்கு நீங்க எந்த முறையில சிகிச்சை தர்றீங்க? அதுக்கு யார்கிட்ட பயிற்சி எடுத்தீங்க? நடந்ததைப் பத்தி எத்தனாவது வாரத்துல பேச ஆரம்பிப்போம்?’ என்று கேளுங்கள். ‘அதெல்லாம் கிளற வேண்டாம், பாசிட்டிவா யோசிக்கலாம்’ என்று பதில் வந்தால் அடுத்த எண்ணுக்குப் போகலாம். ஒரே அமர்வில் குணமாக்கிவிடுவேன் என்றாலும் அப்படியே. ஆரம்பித்த பிறகு ஐந்தாறு அமர்வு முடிந்தும் சம்பவத்தின் பக்கமே போகவில்லை என்றால், அதைத் தெரபிஸ்டிடம் நேராகச் சொல்லுங்கள். அவர் காரணம் சொல்லி ஒரு தேதியும் சொன்னால் தொடருங்கள். இல்லையென்றால், இதுவரை நடந்ததைச் சுருக்கி ஒரு கடிதம் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வேறொருவரிடம் போங்கள்.